பெரிய சக்கரமும் வால்டியூபும்: ஏழு நாள் குறிப்புகள்

நாள் 1: கோவென்ட்ரி

சைக்கிள் உருவான கதையைத் தேடிப் பிரிட்டனில் ஏழு நாள் பயணம். லண்டன் யூஸ்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். கோவென்ட்ரி நிலையத்தை விட்டு வெளியே வந்து ஊர் நடுவை நோக்கி நடந்தால் ஐந்து நிமிடத்தில் கிரேஃபிரையர்ஸ் கிரீன் என்ற புல்வெளி. சைக்கிள் தொழிலின் முன்னோடி ஜேம்ஸ் ஸ்டார்லியின் நினைவுத்தூண் அங்கேதான் நிற்கிறது. ஸ்டார்லி 1881-ல் இறந்தார். தூண் 1884-ல் வந்துவிட்டது. தையல் மெஷின் மெக்கானிக்காக இந்த ஊருக்கு வந்தவர். ஊருக்கே சோறு போட்டவர் என்பதால்தான் மூன்றே வருடத்தில் தூண்.

கோவென்ட்ரியின் பழைய தொழில்கள் இரண்டு: பட்டு ரிப்பன் நெசவு, கைக்கடிகாரம். 1860-ல் பிரான்சுடன் செய்த வணிக ஒப்பந்தத்தால் பிரெஞ்சு ரிப்பன் வரியில்லாமல் வந்து இறங்கியது, தறிகள் நின்றன. அடுத்து வந்தது ஸ்டார்லி வேலை செய்த தையல் மெஷின் கம்பெனி. அதன் பாரிஸ் ஏஜென்ட் ரௌலி டர்னர் 1868-ல் பெடல் வைத்த பிரெஞ்சு வண்டி ஒன்றைக் கொண்டுவந்து காட்டி, பாரிஸில் விற்க 400 வண்டி செய்து தரச் சொன்னார். கம்பெனி 1869-ல் 'கோவென்ட்ரி மெஷினிஸ்ட்ஸ்' என்று பெயரையே மாற்றிக்கொண்டது. 1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டு பாரிஸ் சந்தை மூடிப்போக, செய்த வண்டிகளை உள்ளூரிலேயே விற்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்தின் சைக்கிள் தொழில் இப்படித்தான் ஆரம்பித்தது.

இன்றைக்குத் தூண் மட்டும் போதும். மியூசியம் நாளைக்கு, அதற்கு முழுநாள் ஒதுக்குங்கள்.

நாள் 2: போக்குவரத்து மியூசியம், பெரிய சக்கரம்

பூல் மெடோ பேருந்து நிலையத்தை ஒட்டியே கோவென்ட்ரி போக்குவரத்து மியூசியம். காரைப் பார்க்க வருகிறவர்கள் சைக்கிள் பகுதியைப் பத்து நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். அங்கேதான் நிற்க வேண்டும்.

முதலில் 'போன்ஷேக்கர்', அதாவது எலும்பை உலுக்குகிற வண்டி. மரச்சக்கரம், அதன்மேல் மாட்டுவண்டிப் பட்டா மாதிரி இரும்பு வளையம், இரும்புச் சட்டம். எடை 27 கிலோ அளவில். பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே. செயின் கிடையாது, ஆகவே பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுதான். 36 அங்குலச் சக்கரத்தில் ஒரு மிதிக்கு 2.87 மீட்டர் போகலாம். கால் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் ஒரு சுற்றுக்கு வண்டி நகர்வது அவ்வளவே. வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. பெரிய சக்கரத்தை யாரும் அழகுக்காகச் செய்யவில்லை. அது கணக்கு தள்ளிய தள்ளு.

ஆனால் மரச்சக்கரத்தைப் பெரிதாக்கினால் எடை தாங்காது. இந்த இடத்தில்தான் ஸ்டார்லி வருகிறார். 1870-ல் அவரும் வில்லியம் ஹில்மனும் காப்புரிமை வாங்கிய 'ஏரியல்' வண்டிக்குக் கம்பி ஸ்போக்ஸ். விலை 8 பவுண்டு. மரச்சக்கரத்தில் அச்சு கீழே இருக்கும் ஆரக்காலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கம்பிச் சக்கரத்தில் அச்சு மேலே இருக்கும் கம்பிகளில் தொங்குகிறது. கம்பியைத் தள்ளினால் வளையும், இழுத்தால் வளையாது. அதனால் எல்லாக் கம்பியும் முன்கூட்டியே விறைப்பாக இழுபட்டிருக்க வேண்டும்.

ஏரியலின் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில், குறுக்கே ஒரு நெம்புகோல் சட்டம் இருக்கும். அதன் இரு முனையிலிருந்தும் ரிம்முக்குக் கம்பி போகிறது. அந்தக் கம்பியை முறுக்கினால் ரிம்முக்குள் ஹப் சற்றே திரும்பி, அத்தனை ஸ்போக்ஸும் ஒரே நேரத்தில் விறைக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் ஒரே ஒரு கம்பி தளர்ந்தால் அதை மட்டும் தனியாக முறுக்க முடியாது. எல்லாவற்றையும் சேர்த்து இழுத்தால் சரியாக இருந்தவை அளவுக்கு மேல் விறைக்கும், சக்கரம் கோட்டம் வாங்கும். நம்மூர்க் கடைக்காரர் இதைப் பார்த்தால் சிரித்துவிட்டுப் போவார்.

1874-ல் ஸ்டார்லியே இதற்கும் மாற்று கண்டார். ஸ்போக்ஸை ஹப்பின் மையத்திலிருந்து நேராக விடாமல், ஹப் விளிம்பைத் தொட்டுக்கொண்டு சாய்வாக விட்டு ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே பின்னினார். மிதிக்கும்போது ஹப் முன்னே திரும்புகிறது. ஒரு பக்கம் சாய்ந்த கம்பிகள் இழுத்து ரிம்மையும் உடன் திருப்புகின்றன. நேர்க்கம்பியில் அந்தத் திருகு கம்பியின் அடியில் போய் விழும். மரை வெட்டிய இடத்தில் பட்டென்று முறியும். நம் 28 அங்குல வண்டியின் முன்வீலில் 32, பின்வீலில் 40 ஸ்போக்ஸ் என்று பின்னிப்போவது அதே பின்னல்தான்.

இனி அந்த உயர்ந்த வண்டி: முன்னே பெரிய சக்கரம், பின்னே சிறியது. நாம் இன்று பென்னி ஃபார்திங் என்கிறோம். பெரிய காசும் சிறிய காசும் பக்கத்தில் வைத்தது போல. அது ஓடிய காலம் முடியும் தறுவாயில் வந்த கேலிப்பெயர் அது. அக்காலத்தில் வெறும் 'ஆர்டினரி', சாதாரண வண்டி.

அளவு எடுப்பது பேன்ட் தைக்க அளவு எடுப்பது போலத்தான்: தொடைச் சந்திலிருந்து பாதம் வரை. நடுத்தர உயரக்காரருக்கு 52 முதல் 54 அங்குலம், நல்ல நெடியவருக்கு 60. அதற்கு மேல் கால் எட்டாது. 54 அங்குலத்தில் ஒரு மிதிக்கு 4.31 மீட்டர். சாலைக்கான வண்டி 18 கிலோ அளவில், பந்தய வண்டி 10 கிலோ அளவில்.

ஏறும் முறை: இரு சக்கரத்தையும் இணைக்கும் முதுகுக்குழாயில் சிறு சக்கரத்துக்குச் சற்று மேலே, இடப்பக்கம், ஒரு சிறிய இரும்புப் படி உண்டு. பின்னால் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்து, இடது கால் படியில், வலது காலால் தரையை உந்தி இரண்டு மூன்று தத்து. வண்டி நகர ஆரம்பித்ததும் படியில் எழுந்து நின்று சீட்டுக்கு முன்னேறி, மேலே வரும் பெடலைக் காலால் பிடிக்க வேண்டும். பெடல் நிற்காது, ஃப்ரீவீல் கிடையாது. புதிதாகப் பழகுகிறவர்கள் செய்யும் தப்பு, ஓட்டம் பிடிக்கும் முன்பே சீட்டில் உட்கார்ந்துவிடுவது. பக்கவாட்டில் சாய்ந்து விழுவார்கள். இறங்க அதே படியை இடது காலால் பின்னே தடவித் தேட வேண்டும்.

விழுந்தால் முன்னால்தான். சீட்டு முன்னச்சுக்குப் பின்னே ஒரு சாண் தள்ளி இருந்தால் அதிகம். உடல் எடை ஏறக்குறைய அச்சுக்கு நேர்மேலே, ஒன்றரை மீட்டர் உயரத்தில். கல், குழி, டயரின் மேல் கரண்டி போல அழுத்தும் பிரேக்கின் ஒரு திடீர்ப் பிடி, எது சக்கரத்தைத் தடுத்தாலும் வண்டி முழுவதும் அச்சைச் சுற்றிக் கவிழ்ந்து ஆள் தலைகுப்புறப் போவார். கையை ஊன்றப் பார்த்தால் மணிக்கட்டு போகும். கால்கள் ஹேண்டில்பாருக்குக் கீழே மாட்டிக்கொள்வதால் குதிக்கவும் முடியாது. அதனால்தான் இறக்கத்தில் கால்களைத் தூக்கி ஹேண்டில்பாருக்கு மேலே போட்டுக்கொண்டார்கள். பெடல் தன்பாட்டுக்குச் சுழலும். தூக்கி எறிந்தாலும் காலில் விழலாம். பழைய படங்களில் அதைப் பார்த்துச் சேட்டை என்று நினைப்பவர்கள் உண்டு. பாதுகாப்புக்குச் செய்ததுதான் அது.

டயர் காற்றில்லாத கெட்டி ரப்பர், ரிம்மின் பள்ளத்தில் பசை உருக்கி ஒட்டியது. வெயிலிலும் ஈரத்திலும் பசை ஓரிடத்தில் விடும், அங்கே ரப்பர் பிதுங்கி ஃபோர்க்கில் சிக்கும், மறுபடி தலைகுப்புற. ரிம்மை விளக்கால் சூடாக்கிப் பசையை இளக்கி, ரப்பரை அமுக்கிக் கயிற்றால் கட்டி ஆறவிட வேண்டும். பயணம் கிளம்புமுன் டயரைச் சுற்றிலும் கட்டைவிரலால் தள்ளிப் பார்ப்பது அன்றாட வேலை.

பர்மிங்காமின் ஜோசப் லூகாஸ் செய்த எண்ணெய் விளக்கு இன்னொரு வேடிக்கை. அது சக்கரத்துக்குள்ளே, ஸ்போக்ஸுக்கு நடுவே, அச்சில் தொங்கும். சக்கரம் சுற்றும், விளக்கு சுற்றாது. வெளிச்சம் கம்பிகளைக் கடந்துதான் சாலையில் விழ வேண்டும். அதற்கு வைத்த பெயர் 'கிங் ஆஃப் த ரோட்'.

இந்த மாதிரி வண்டியில் உலகத்தையே சுற்றினார் தாமஸ் ஸ்டீவன்ஸ். 50 அங்குல அமெரிக்க கொலம்பியா வண்டி. 1884 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவில் கிளம்பி 1886 டிசம்பரில் யோகோஹாமாவில் முடித்தார். இந்தியாவில் லாகூரிலிருந்து கல்கத்தா வரை கிராண்ட் டிரங்க் சாலையில் ஓட்டினார். தெற்குப் பக்கம் வரவில்லை.

நாள் 3: அதே மியூசியம், ரோவர்

இரண்டாம் நாளும் இங்கே வருவது வீண் என்று நினைப்பவர்கள் செயினைப் பார்க்காதவர்கள்.

ஸ்டார்லியின் சகோதரர் மகன் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-ல் வெளியிட்டது 'ரோவர்' வண்டி. பெடலைச் சக்கரத்திலிருந்து பிரித்துச் சட்டத்தின் நடுவே கொண்டுவந்து, செயினால் பின்சக்கரத்தை ஓட்டினார். இதையே 1879-ல் ஹாரி லாசன் செய்து பார்த்திருந்தார், விற்கவில்லை.

செயின் வந்ததும் கணக்கு மாறுகிறது. சக்கர அளவை முன் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையால் பெருக்கிப் பின் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது, அது எத்தனை அங்குல ஆர்டினரிக்குச் சமம் என்ற எண். நம் 28 அங்குல வண்டியில் முன்னே 44 பல், பின்னே 18 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 68 அங்குலம் வரும். அதாவது ஆளுயரத்துக்கு 173 சென்டிமீட்டர் சக்கரம். எந்த மனிதனின் காலும் எட்டாத வண்டி. தெருமுனைக் கடைக்குப் போகிற பெரியவர் அதைத்தான் தரையிலிருந்து ஓர் எட்டில் ஏறி மிதித்துக்கொண்டு போகிறார். கியரை இன்றும் அங்குலத்தில் சொல்லும் வழக்கம் அந்தச் சக்கரத்தின் மிச்சம்.

முதல் ரோவரில் குறைகள் இருந்தன. முன்சக்கரம் 36 அங்குலம், பின்னது அதைவிடச் சிறிது. ஹேண்டில்பார் ஃபோர்க்கோடு நேரே சேராமல் பக்கக்கம்பிகள் வழியாகத் திருப்பியது; மூட்டுகள் தேய்ந்தால் கையில் ஆட்டம். அடுத்த மாடலிலேயே ஃபோர்க்கைச் சாய்த்து நேரே இணைத்துவிட்டார். சீட்டிலிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் குழாயும் முதலில் இல்லை. அழுத்தி மிதித்தால் சட்டம் நெளியும். முக்கோணம் இரண்டைச் சேர்த்த வைரச் சட்டம் 1890 வாக்கில் நிலைபெற்றது. அந்த முக்கோணத்துக்குள் காலை விட்டுத்தான் நம் பிள்ளைகள் குரங்கு பெடல் அடித்தார்கள்.

வாடிக்கையாளருக்கு நம்பிக்கை வர ஒரு பந்தயம் வைத்தார்கள். 1885 செப்டம்பரில் ஜார்ஜ் ஸ்மித் ரோவரில் 100 மைலை 7 மணி 5 நிமிடம் 16 விநாடியில் முடித்தார். மணிக்குச் சுமார் 22.7 கிலோமீட்டர், கெட்டி ரப்பர் டயரில், சரளைச் சாலையில்.

செயினின் நோய் தூசி. அக்காலத்தில் பெரும்பாலும் உருளை இல்லாத கட்டிச் செயின். ஹான்ஸ் ரெனால்ட் மான்செஸ்டரில் 1880-லேயே புஷ்ஷும் உருளையும் வைத்த செயினுக்குக் காப்புரிமை எடுத்திருந்தும், சைக்கிளில் அது பரவ நாளாயிற்று. மணல் கண்ணிகளை இணைக்கும் ஊசிகளின் துளைக்குள் புகுந்து தேய்க்கும். ஒவ்வோர் ஊசியும் நூலளவு தேய்ந்தால் மொத்தச் செயின் நீளும். நீண்ட செயின் பல்லின் மேலேறித் தாவும். இரும்பு நீண்டுவிட்டது என்று சொல்வது பேச்சுவழக்கு. நீள்வது இரும்பல்ல, தேய்ந்த ஊசித் துளை. மருந்து அன்றும் இன்றும் ஒன்றே: பின்சக்கரத்தைப் பின்னே நகர்த்து, கீழ்ச்செயினை நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் ஆட வேண்டும், அதற்கு மேல் இறுக்காதே.

நாள் 4: மெரிடன்

கோவென்ட்ரியிலிருந்து பத்து கிலோமீட்டர், பேருந்து உண்டு. ஊர்ப் பசும்திடலில் முதல் உலகப்போரில் இறந்த சைக்கிள்காரர்களுக்கு 1921 மே 21-ல் திறந்த கல்தூண். ஒவ்வொரு மே மாதமும் சைக்கிளில் கூடுகிறார்கள். அரைமணி நேரம் போதும்.

மேற்கே பர்மிங்காம். துப்பாக்கி செய்த பி.எஸ்.ஏ. கம்பெனி சைக்கிளுக்கு வந்தது அங்கேதான். நம்மூர் பி.எஸ்.ஏ. வண்டியின் பழைய பேட்ஜில் மூன்று துப்பாக்கிகள் சாய்த்து வைத்திருப்பதற்கு அர்த்தம் அது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கியதும் முருகப்பா குடும்பத்தோடு பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் சேர்ந்துதான்.

நாள் 5: லண்டனிலிருந்து ரிப்ளி

சரே மாவட்டத்தில் ரிப்ளி ஒரு சின்ன ஊர், லண்டனிலிருந்து சுமார் 37 கிலோமீட்டர். 1880-களில் ஞாயிற்றுக்கிழமையானால் லண்டன் சைக்கிள்காரர்கள் இங்கேதான் படையெடுத்தார்கள். பட்னி, கிங்ஸ்டன், ஈஷர், காப்ஹாம், ரிப்ளி; போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்குப் போகும் பழைய குதிரைக் கோச் சாலை. ரயில் வந்ததும் கோச் வண்டிகள் நின்றன, சத்திரங்கள் ஈயடித்தன. காலியான நல்ல சாலை, காலியான சத்திரம். இரண்டையும் சைக்கிள்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இன்று ஓட்டுகிறவர்களுக்கு: ரிச்மண்ட் பார்க் வழியாகக் கிங்ஸ்டன், அங்கிருந்து ஏ307 சாலையில் ஈஷர், காப்ஹாம். அதற்குப் பிறகு பழைய பாதையை ஏ3 பெருஞ்சாலை விழுங்கிவிட்டது; அதில் ஏறாமல் ஆக்கம் வழியாகச் சிற்றூர்ச் சாலையில் போங்கள். ரிப்ளியில் ரயில் நிலையம் இல்லை. திரும்ப வோக்கிங் அல்லது கிளாண்டன்.

தெருவிலேயே இருக்கிறது ஆங்கர் என்ற பழைய சத்திரம். டிபிள் குடும்பம் நடத்தியது. அன்னி, ஹாரியட் சகோதரிகள் வந்தவர்களுக்குச் சோறு போட்டார்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு சைக்கிள்காரர்கள் பணம் திரட்டி ஊர்த் தேவாலயத்தில் வண்ணக் கண்ணாடிச் சன்னல் வைத்தார்கள். போட்டியாளருக்கு நினைவுச்சின்னம் எங்கும் உண்டு. சோறு போட்டவருக்கு இங்கே.

கிளப் பயணம் ராணுவ அணிவகுப்பு மாதிரி. முன்னே கேப்டன், பின்னே இருவர் இருவராக, ஊதுகொம்புக்காரர் ஊதினால் ஏறு, இறங்கு, ஒற்றை வரிசை. இதற்கெல்லாம் நடைமுறைக் காரணம் உண்டு: உயர்ந்த வண்டியில் திடீரென்று நிற்க முடியாது, பின்னால் வருபவர் முன்னவர்மேல் ஏறிவிடுவார். 1878 ஆகஸ்டில் ஹாரகேட்டில் தொடங்கிய பயணிகள் சங்கம் 1883 முதல் சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப். உறுப்பினருக்குச் சத்திரங்களில் பேசி வைத்த கட்டணம். அந்தச் சத்திரத்தின் சுவரில் சிறகுள்ள சக்கரச் சின்னம். செங்குத்தான இறக்கங்களில் எச்சரிக்கைப் பலகை. அதுவரை இங்கிலாந்தில் சாலையில் போகிறவனுக்கு அபாயம் என்று பலகை வைக்கும் பொறுப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1899-ல் உறுப்பினர் 60,000-க்கு மேல்.

சட்டமும் வந்தது. 1888-ன் உள்ளாட்சிச் சட்டம் சைக்கிளை வண்டி என்று ஒப்புக்கொண்டது. பதிலுக்கு, சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்திலிருந்து விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்வரை விளக்கு, ஆளைக் கடக்கும்போது மணி. லைட் இல்லை என்று நம் ஊரில் காவலர் டயரில் காற்றைப் பிடுங்கிய காலத்துக்கு மூலம் தேடுபவர்கள் இங்கே தொடங்கலாம்.

நாள் 6: ஆக்கம்

ரிப்ளியிலிருந்து நடந்தே போகலாம். ஹாட்பாய் ஹோட்டல் இருந்த கட்டடம் இப்போது குடியிருப்பு. வெளியே நின்று பார்ப்பதோடு சரி.

1898 அக்டோபர் 27-ல் ஹார்பர்டன் சீமாட்டி சைக்கிளில் இங்கே சாப்பிட வந்தார். உடுத்தியிருந்தது பாவாடையல்ல, தொளதொளத்த கால்சட்டை. உரிமையாளரான பெண்மணி அவரைக் காபி அறைக்குள் விடாமல், வேண்டுமானால் மதுக்கூடத்தை ஒட்டிய அறையில் சாப்பிடலாம் என்றார். டூரிங் கிளப் வழக்குப் போட்டது. 1899 ஏப்ரலில் தீர்ப்பு ஹோட்டலுக்கே சாதகம்: சாப்பாடு மறுக்கப்படவில்லை, வேறு அறைதானே தந்தார்கள் என்று.

நாகரிகத் தகராறாக மட்டும் இதைப் படிப்பது அரைகுறை. நீளப் பாவாடை பின்சக்கர ஸ்போக்ஸில் சிக்கும், செயினுக்கும் பல்லுக்கும் நடுவே இழுபடும். ஓடும்போது இழுபட்டால் விழுவது நிச்சயம். உடையை மாற்ற ஊர் விடவில்லை, ஆகவே வண்டியை மாற்றினார்கள்: மேல்குழாயை இறக்கிவிட்ட சட்டம், செயினுக்கு முழு உறை, பின்மட்கார்டிலிருந்து அச்சு வரை கயிற்று வலை. நம் லேடீஸ் சைக்கிளின் செயின் கவரும் பின்வலையும் அங்கிருந்து வந்தவை. சேலைக்கும் தாவணிக்கும் அப்படியே பொருந்திவிட்டன. மேல்குழாய் போனதால் சட்டத்தின் விறைப்பு குறையும். அதை ஈடுகட்டக் கனத்த குழாய். லேடீஸ் வண்டி கனமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

நாள் 7: எடின்பரோ

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து நான்கரை மணி நேர ரயில். டயருக்காக மட்டும் இவ்வளவு தூரமா என்றால், ஆம்.

சிறு சக்கரம் வந்ததும் புதுத் தொல்லை. பெரிய சக்கரம் குழியின் மேல் உருண்டு போய்விடும். 30 அங்குலச் சக்கரம் அதற்குள் இறங்கி ஏறும். ரோவரில் போனால் கை மரத்துப்போகும். பெல்ஃபாஸ்டில் மாட்டு வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக 1888 பிப்ரவரியில் காற்றடைத்த டயரைச் செய்தார். அதற்கு முன் மரவட்டில் ரப்பர்க் குழாயைச் சுற்றித் துணி போர்த்திக் காற்றடித்து முற்றத்தில் உருட்டிப் பார்த்தார். கெட்டி ரப்பர்ச் சக்கரத்தைவிட வெகுதூரம் ஓடியது. அவர் செய்த முதல் டயர் இங்கே சேம்பர்ஸ் தெரு ஸ்காட்லாந்து தேசிய மியூசியத்தின் சேகரிப்பில். பார்வைக்கு வைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு போங்கள். 1889 மே மாதம் பெல்ஃபாஸ்ட் பந்தயத்தில் வில்லியம் ஹியூம் அந்த டயரில் வென்றதும் சிரித்தவர்கள் வாயை மூடினார்கள்.

காப்புரிமை நிற்கவில்லை. ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் தாம்சன் 1845-லேயே குதிரைவண்டிக்குக் காற்று டயர் எழுதி வைத்திருந்தார். அவர் 1873-ல் இறந்தார், கல்லறை இந்த ஊரிலேயே டீன் மயானத்தில். சைக்கிளே பரவாத காலத்தில் காற்று டயர், யார் வாங்குவார்?

டன்லப்பின் முதல் டயர்களுக்குப் பெரிய குறை, பஞ்சர். டியூபைத் துணியோடு சேர்த்து ரிம்மில் சுற்றி ஒட்டியிருந்தது. ஒரு முள்ளுக்காக அத்தனையையும் பிரித்து, ஒட்டி, மறுபடி சுற்றி, காய விட வேண்டும். 1890-ல் சார்லஸ் வெல்ச் டயரின் இரு ஓரத்திலும் கம்பி வளையம் வைத்தார், ரிம்மின் நடுவே பள்ளம் வைத்தார். கம்பி நீளாது. ஆனால் ஒரு பக்கத்தைப் பள்ளத்துக்குள் அமுக்கினால் எதிர்ப்பக்கத்தில் இடம் கிடைத்து ரிம்மைத் தாண்டி வரும். டயரைக் கழற்றும்போது வால்வுக்கு எதிர்ப்பக்கத்தைப் பள்ளத்துக்குள் அமுக்கி, வால்வுப் பக்கத்திலிருந்து நெம்ப வேண்டியது இதனால்தான்: வால்வு இருக்கும் இடத்தில் டயர் பள்ளத்துக்குள் இறங்காது. அதே ஆண்டு ஃபவுண்டன்பிரிட்ஜில் நார்த் பிரிட்டிஷ் ரப்பர் கம்பெனியின் பார்ட்லெட், ரிம்மின் கொக்கியில் மாட்டும் இன்னொரு வகையைச் செய்தார். அந்த ஆலையின் செங்கல் அலுவலகம் இன்னும் நிற்கிறது. 2019 முதல் எடின்பரோ பிரிண்ட்மேக்கர்ஸ் அச்சுக்கலைக் கூடம்.

கடைசியாக வால்வு. 1891-ன் உட்ஸ் வால்வு. சிறிய பித்தளைக் குச்சி, பக்கவாட்டில் ஒரு துளை, அதன்மேல் இழுத்து மாட்டிய மெல்லிய ரப்பர்க் குழல். பம்பு அடித்தால் காற்று ரப்பரைத் தள்ளி உள்ளே போகும்; உள்ளழுத்தம் ரப்பரைத் துளையோடு அமுக்கி மூடும். ஸ்பிரிங் இல்லை. நாம் வால்டியூப் என்று ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் வாங்கியது அதுவே. கெடுவது இரண்டு விதம்: நாளாகி ரப்பர் வெடித்தால் காற்று மெல்ல இறங்கும், வெயிலில் இளகிக் குச்சியோடு ஒட்டிக்கொண்டால் எவ்வளவு அழுத்தினாலும் பம்பு இறங்காது. எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா பாருங்கள். வந்தால் பழையதைப் பிளேடால் கீறி எடுத்து, புதியதை நனைத்து, துளையைத் தாண்டி மேல் விளிம்பு வரை ஏற்றி, நட்டைக் கையால் மட்டும் முறுக்குங்கள். பிளையர் போட்டால் ரப்பர் கத்தரித்துப்போகும்.